பெருங்குடல் புற்றுநோய் ஃபைலைப் பிரித்து வாசிப்பது எப்படி?

நான் டாக்டர் இல்லை. ஹிஸ்டோபேத்தாலஜி லேபில் டெக்னீஷியன். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் திசுவை மெழுகில் பதித்து, மெல்லிய ஏடுகளாக வெட்டி, சாயம் ஏற்றி, பேத்தாலஜிஸ்ட் மேசைக்கு அனுப்புவது என் வேலை. ஸ்லைடு வாங்க வருகிறவர்கள் கவுன்டரில் நின்று என் வேலையைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி, "சார், சிஇஏ ஏழுன்னு போட்டிருக்கு, நார்மல் அஞ்சாம். திரும்ப வந்துடுச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அதற்கு நான் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அந்தத் தாளை எதோடு சேர்த்து வாசிக்க வேண்டும், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லலாம். அப்பாவுக்கோ அத்தைக்கோ பெருங்குடலில் புற்றுநோய் என்று உறுதியாகி, திடீரென்று ஃபைல் சுமக்கிற பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஃபைலில் நீங்கள் பார்க்கப்போகிற சிஇஏ, ஈஜிஎஃப்ஆர், ஹெர்2 எல்லாமே செல்லின் வெளிச்சவ்வில் உட்கார்ந்திருக்கும் புரதங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் டாக்டர் வெவ்வேறு கேள்விக்காகப் பார்க்கச் சொல்லியிருப்பார். ஒன்றுக்கான கேள்வியை இன்னொன்றிடம் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். நான் பார்த்தவரை வீட்டார் படும் பதற்றத்தில் பாதி இப்படி வருவதுதான்.

முதலில் தாள்களைப் பிரியுங்கள்

ரத்தத்தில் பார்த்தவை ஒரு கட்டு. கட்டியிலிருந்து எடுத்த திசுவில் பார்த்தவை இன்னொரு கட்டு. ஸ்கேன்கள் மூன்றாவது, அவை இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும். ஒவ்வொரு கட்டையும் தேதிவாரியாக அடுக்குங்கள்.

ரத்தக் கட்டில் நமக்கு வேண்டியது அநேகமாக ஒன்றுதான்: சிஇஏ. திசுக் கட்டில் பயாப்ஸி ரிப்போர்ட், ஆபரேஷனுக்குப் பிறகு வந்த நீளமான ரிப்போர்ட், அப்புறம் ஐஹெச்சி (திசுவில் சாயம் ஏற்றிப் புரதத்தைத் தேடும் சோதனை) என்று தலைப்பிட்ட ஒன்றிரண்டு தாள்கள் இருக்கும். ஈஜிஎஃப்ஆர், ஹெர்2 எல்லாம் அங்கே வரும்.

ரத்தத்தில் அளப்பது செல்லிலிருந்து கழன்று வந்த புரதத்தை. அது ஏறும், இறங்கும். அதனால் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். திசுவில் பார்ப்பது செல்லின் மேலேயே இருக்கிற புரதத்தை. எந்த மருந்துக்கு வாய்ப்பு இருக்கிறது என்று தீர்மானிப்பதற்காகப் பார்ப்பது அது. மாதாமாதம் பார்க்க வேண்டியதில்லை. நோய் திரும்பி வந்தாலோ, மருந்தை மாற்ற வேண்டி வந்தாலோ டாக்டரே புதிதாகத் திசு எடுத்துப் பார்க்கச் சொல்வார்.

சிஇஏ எங்கிருந்து வருகிறது?

1965இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஃபில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் போன வழி லேப்காரனான எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே நோயாளியின் குடலிலிருந்து கட்டியையும், கட்டியைவிட்டுத் தள்ளியிருந்த நல்ல பகுதியையும் எடுத்தார்கள். கட்டியின் சாற்றை முயலுக்கு ஊசி போட்டார்கள். முயலின் ரத்தத்தில் அதற்கு எதிராக உருவானவற்றை நல்ல குடலின் சாற்றோடு கலந்து, நல்ல குடலில் ஒட்டுகிறவற்றையெல்லாம் கழித்துக்கட்டினார்கள். மிஞ்சியவை கட்டியில் மட்டும் ஒட்டின. அதே பொருள் கருவிலிருக்கும் சிசுவின் குடலிலும் தென்பட்டது. புற்றுநோய், கரு இரண்டையும் சேர்த்து அவர்கள் வைத்த நீளமான பெயரின் சுருக்கம்தான் சிஇஏ.

1969இல் அதை ரத்தத்தில் அளக்கும் முறை வந்தது. முதல் அறிக்கையில், சோதித்த பெருங்குடல் புற்றுநோயாளிகளில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே அளவு கூடியிருந்தது. ஒரு சொட்டு ரத்தத்தில் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று உலகமே நம்பியது. மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்த நம்பிக்கை நிற்கவில்லை. ஆரம்பக்கட்ட நோயாளிகள் பலருக்கு அளவு சாதாரணமாக இருந்தது. புற்றுநோயே இல்லாத சிலருக்குக் கூடியிருந்தது.

காரணம் பிற்பாடு தெரிந்தது. சிஇஏவை நல்ல குடலும் செய்கிறது. கடைவீதியை நினைத்துக்கொள்ளுங்கள். கடைகள் எல்லாம் தெருவைப் பார்த்து வரிசையாக நிற்கின்றன. கடைக்காரர்கள் முன்வாசலில் கூட்டித் தள்ளுகிற குப்பை தெருவோடு போய்விடுகிறது. பின்பக்கத்து வீடுகளுக்கு அது தெரியாது. குடலின் உட்சுவர்ச் செல்களும் அப்படித்தான். குடல் குழியைப் பார்த்த முகத்தில் மட்டும் சிஇஏவை வைத்திருக்கின்றன. கொழுப்பாலான ஒரு கொக்கியில் சவ்வோடு மாட்டியிருக்கும் அந்தப் புரதம் கழன்று விழுந்தால் மலத்தோடு போய்விடும். புற்றுநோயில் செல்லுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற கணக்கே போய்விடுகிறது. நாலு பக்கமும் சிஇஏ. கூடவே சுவரும் உடைகிறது. அது நிணநீருக்குள்ளும் ரத்தத்துக்குள்ளும் கசிகிறது.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கட்டி சின்னதாகச் சுவருக்குள்ளேயே இருக்கும்வரை ரத்தத்தில் கசிவு குறைவு. ஆகவே சிஇஏ சாதாரணமாக இருப்பது புற்றுநோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ரத்தத்துக்கு வந்த சிஇஏவைக் கழிப்பது கல்லீரல். ஆகவே கல்லீரல் கெட்டாலும் அளவு ஏறும். சில கட்டிகள், குறிப்பாகச் செல்கள் உருவம் தெரியாமல் சிதைந்துபோனவை, சிஇஏவைச் சரியாகச் செய்வதே இல்லை. அவர்களுக்கு இந்த எண் பெரிதாக உதவாது.

இங்கே ஒரு புலம்பல். முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்களில் சிஇஏவைச் சேர்த்துவிடுகிறார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு இதைப் பார்த்துப் புற்றுநோயைத் தேடச் சொல்லி எந்தப் பெரிய மருத்துவ அமைப்பும் பரிந்துரைப்பதில்லை. அதற்கு மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் பரிசோதனையும் கொலனோஸ்கோப்பியும் இருக்கின்றன. மலத்தில் ரத்தம் போகிறவர், காரணம் தெரியாமல் ரத்தசோகை வந்தவர், "சிஇஏ நார்மல்தானே" என்று கொலனோஸ்கோப்பியைத் தள்ளிப்போடுவதுதான் இந்தப் பேக்கேஜ்களால் வருகிற உண்மையான ஆபத்து.

தொடக்க எண்ணைத் தேடுங்கள்

ரத்தக் கட்டில் முதலில் தேட வேண்டியது, ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த சிஇஏ. மற்ற எல்லா எண்களையும் அதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கப்போகிறோம். இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை, சிஇஏவும் பார்க்கவில்லை என்றால், அடுத்த முறை போகும்போது "ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு சிஇஏ எடுத்துடலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். கட்டியை எடுத்த பிறகு அந்த எண் திரும்பக் கிடைக்காது. வெறும் வயிறு தேவையில்லை. எந்த நேரத்திலும் ரத்தம் கொடுக்கலாம்.

எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இருக்கும்: ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம். பல லேப்கள் 5 என்பதை மேல்வரம்பாகப் போடுகின்றன. புகைபிடிக்காதவர்களுக்கு 3 என்றும், பிடிப்பவர்களுக்கு 5 என்றும் பிரித்துப் போடுகிற லேப்களும் உண்டு. சிகரெட், பீடி எதுவானாலும் சிஇஏவைக் கொஞ்சம் ஏற்றி வைக்கும். மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்பா பீடி பிடிப்பதை அம்மா முன்னால் சொல்லத் தயங்கி, டாக்டரைக் குழப்பிவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

புகை தவிர, கல்லீரல் சுருக்கம், மஞ்சள்காமாலை, கணைய அழற்சி, குடல் அழற்சி நோய்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் இவையும் ஏற்றும். ஆனால் இப்படிப்பட்ட காரணங்களால் ஏறுவது பெரும்பாலும் 10ஐத் தாண்டுவதில்லை. நுரையீரல், மார்பகம், இரைப்பை, கணையம் போன்ற வேறு இடத்துப் புற்றுநோய்களிலும் சிஇஏ கூடலாம். எந்த உறுப்பு என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது.

ஆபரேஷனுக்குப் பின் எப்போது பார்ப்பது?

ஆபரேஷன் முடிந்த மறுவாரமே சிஇஏ எடுத்துப் பார்த்துவிட்டு, "கட்டியை எடுத்தாச்சு, ஆனா இன்னும் குறையலையே" என்று கலங்குகிறவர்கள் பலர். ரத்தத்தில் ஏற்கெனவே மிதக்கிற சிஇஏ உடனே காணாமல் போகாது. சில நாட்களுக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு வாரத்துக்கு ஒருமுறை என்று தாராளமாகவே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். ஆபரேஷனுக்கு முன் 38. ஒரு வாரத்தில் 19. இரண்டாம் வாரம் 9.5. மூன்றாம் வாரம் ஐந்துக்குச் சற்றுக் கீழே. நான்காம் வாரம் இரண்டரைக்குப் பக்கத்தில். நான்கு முதல் ஆறு வாரம் கழித்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆறு வாரத்துக்குப் பிறகும் இறங்காமல் நின்றால் அது டாக்டர் கவனிக்க வேண்டிய சேதி. எங்கோ மிச்சம் இருக்கலாம். மேற்கொண்டு ஸ்கேன் சொல்லுவார்.

ஒரு தாளில் கோடு போடுங்கள்

இதுதான் நீங்கள் செய்யக்கூடிய வேலைகளிலேயே பயனுள்ளது. ஒரு தாளில் நான்கு பத்தி: தேதி, சிஇஏ, எந்த லேப், அந்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது. கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். "மூன்றாவது கீமோ முடிந்து பத்து நாள்", "காமாலை இருந்தது", "புகையை விட்டு இரண்டு மாதம்" என்று எழுதுங்கள்.

ஆபரேஷன் முடிந்த முதல் ஐந்து வருடம், மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிஇஏ பார்ப்பது பல நாடுகளில் வழக்கம். அந்தத் தாள் இப்படிப் போகலாம் (நானாகப் போட்ட எண்கள்): 2.1, 2.4, 2.2, 2.3, 3.6, 4.8. இதில் ஒன்றுகூட 5ஐத் தாண்டவில்லை. லேப் ரிப்போர்ட்டில் ஒரு எண்ணும் தடித்த எழுத்தில் வந்திருக்காது. ஆனால் கடைசி இரண்டையும் பார்த்தால் எந்தப் புற்றுநோய் டாக்டரும் நிமிர்ந்து உட்காருவார். இன்னொருவர் தாள்: 5.6, 5.4, 5.8, 5.5, 5.7. எல்லாமே வரம்புக்கு மேல். தினம் ஒரு கட்டு பீடி குடிப்பவர். அவர் நிலையாக இருக்கிறார். ஆக, கவுன்டரில் கேட்ட "ஏழு" என்ற எண்ணுக்கு அர்த்தம் அதற்கு முந்தைய நான்கு எண்களில் இருக்கிறது.

ஏறியிருந்தால் அடுத்து என்ன? பெரும்பாலும் சில வாரத்தில் திரும்ப எடுப்பார்கள். இரண்டாவது தடவையும் ஏறியே இருந்தால் சிடி ஸ்கேன், தேவைப்பட்டால் கொலனோஸ்கோப்பி. சிஇஏ ஒன்றை மட்டும் வைத்து யாரும் கீமோ ஆரம்பிப்பதில்லை. இன்னொன்று: ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்த கீமோ தொடங்கிய முதல் நான்கு, ஆறு வாரங்களில் சிஇஏ ஒரு குதி குதித்துவிட்டு இறங்கக்கூடும். மருந்து வேலை செய்யும்போதே அப்படி நடக்கும். "கீமோ போட்டும் ஏறுதே" என்று அந்த நேரத்தில் முடிவுகட்ட வேண்டாம்.

இந்தத் தொடர் கண்காணிப்பால் என்ன லாபம்? பிரிட்டனில் 1,202 பேரை வைத்து நடந்த ஃபேக்ஸ் ஆய்வு 2014இல் வெளியானது. நோய் திரும்பி, அதைக் குணப்படுத்தும் நோக்கத்தோடு ஆபரேஷன் செய்ய முடிந்தவர்கள், குறைந்தபட்சக் கண்காணிப்பில் இருந்த குழுவில் 2.3 சதவீதம்; சிஇஏ பார்த்த குழுவில் 6.7, சிடி எடுத்த குழுவில் 8. சிஇஏ, சிடி இரண்டையும் சேர்த்தபோது 6.6தான், கூடுதல் பலன் இல்லை. உயிர்வாழும் காலத்தில் பெரிய வித்தியாசத்தை அந்த ஆய்வு காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கல்லீரலில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் திரும்பியிருக்கும்போதே பிடித்தால் வெட்டி எடுக்க வழி உண்டு. சிஇஏ தாள் அந்த வாய்ப்புக்காக.

லேபில் நடக்கும் கூத்து

எண்ணே தப்பாக வருவதற்கும் வழிகள் உண்டு. சாதாரணமாக நடப்பது, லேப் மாற்றுவது. ஒரு கம்பெனி மெஷினும் இன்னொரு கம்பெனி மெஷினும் ஒரே ரத்தத்துக்கு ஒரே எண்ணைத் தராது. பயன்படுத்தும் ஆன்டிபாடி, அதாவது சிஇஏவைப் பிடிக்கிற பொருள், வேறு. இந்த மாதம் வீட்டுப் பக்கத்து லேபில் 3.1, அடுத்த தடவை ஆஸ்பத்திரி லேபில் 4.4 என்றால் அது ஏற்றமா, மெஷின் வித்தியாசமா என்று யாராலும் சொல்ல முடியாது. நூறு ரூபாய் குறைவு என்று லேப் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் புது லேபில் இரண்டு தடவை எடுத்துப் அதைப் புதிய தொடக்க எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பயோட்டின். கீமோவில் முடி கொட்டுகிறதே என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுகிற மாத்திரை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம். முடி மாத்திரைகளில் 10 மில்லிகிராம்கூட இருக்கும், அதாவது முந்நூறு மடங்குக்கு மேல். பயோட்டினை ஒட்டுப்பசை மாதிரிப் பயன்படுத்தும் மெஷின்களில் இது குறுக்கே புகுந்து சிஇஏவைக் குறைத்துக் காட்டிவிடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி 2017இலேயே எச்சரித்தது. ரத்தம் கொடுக்கும்முன் சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் நிறுத்த வேண்டுமென்று லேபே சொல்லும்.

இனி திசுக் கட்டு

இது என் ஊர். ஐஹெச்சி என்றால் என்ன என்று பார்ப்போம். உங்கள் திசு மெழுகில் பதிந்து, தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு கட்டியாக இருக்கும், அதுதான் பிளாக். அதிலிருந்து நான்கு மைக்ரான் கனத்தில் ஏடு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்துவோம். திசு கெடாமல் காக்கிற பார்மலின் திரவத்தில் கிடந்ததால் புரதங்கள் முகம் மூடிக்கொண்டிருக்கும்; கொதிநிலைக்குப் பக்கத்துச் சூட்டில் ஒரு கரைசலில் வைத்து முகத்தைத் திறக்க வேண்டும். பிறகு ஹெர்2ஐ மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடி. அது பிடித்த இடத்தில் பழுப்பு நிறம் படிகிற மாதிரி ஒரு ரசாயனம். கடைசியில் உட்கருவுக்கு நீலச் சாயம்.

ஹெர்2 பலமாக இருக்கிற கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். நீலப் புள்ளி ஒவ்வொன்றையும் சுற்றி அழுத்தமான பழுப்புக் கோடு; செல்லும் செல்லும் ஒட்டி, கோழிக்கூண்டு வலை மாதிரித் தெரியும். இல்லாத கட்டியில் வெறும் நீலம்தான். பக்கத்தில் எப்போதும் ஒரு கன்ட்ரோல் ஸ்லைடு இருக்கும், ஹெர்2 நிச்சயம் இருக்கிற திசு. அது பழுப்பாகாவிட்டால் அன்றைக்கு ஓட்டிய மொத்தத்தையும் தூக்கிப்போட்டுத் திரும்பச் செய்வோம். உங்கள் ரிப்போர்ட் இரண்டு நாள் தாமதமானால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம், கோபப்படாதீர்கள்.

உங்கள் கையில் இருக்கிற விஷயங்கள் இரண்டு. ஆபரேஷன் முடிந்து திசுவை ஒரு டப்பாவில் போட்டு, "வெளி லேப்ல குடுத்துடுங்க" என்று உறவினர் கையிலேயே தருகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உள்ளே திரவம் இருக்கிறதா, அது பார்மலின்தானா என்று கேளுங்கள். திசுவைப்போலப் பத்து மடங்காவது பார்மலின் வேண்டும். சிந்துகிறதே என்று கீழே ஊற்றிவிட்டுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தவர் உண்டு; அந்தத் திசு அழுக ஆரம்பித்திருந்தது. நேராக லேபுக்குப் போங்கள், வழியில் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலையில் என்றெல்லாம் வேண்டாம். பார்மலினில் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தாலும் மூன்று நாளைத் தாண்டினாலும் ஐஹெச்சி சரியாக வராமல் போகலாம்.

இரண்டாவது, பிளாக். இன்னொரு ஆஸ்பத்திரியில் கருத்துக் கேட்கப் போகும்போது ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கிக்கொண்டு போவீர்கள். மெழுகு ஐம்பது அறுபது டிகிரியில் உருகிவிடும். சித்திரை வெயிலில் காரின் டேஷ்போர்டில் வைத்து, பாதி வழிந்துபோன பிளாக்கை ஒருவர் கொண்டுவந்தார். அதற்குள் இருந்தது அவருடைய மனைவியின் ஒரே பயாப்ஸி. பையில் வைத்து மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஈஜிஎஃப்ஆர்: பட்டன் இருந்தால் போதுமா?

சில ஃபைல்களில் ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் என்று இருக்கும். வீட்டார், "அப்ப அந்த டார்கெட் மருந்து பிடிக்கும்தானே?" என்பார்கள். 2004இல் கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்த வருடம் செட்டுக்சிமாப் என்ற ஆன்டிபாடி மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தபோது, கட்டியில் ஈஜிஎஃப்ஆர் இருப்பவர்களுக்கு என்றுதான் கொடுத்தது. கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? ஆனால் நடைமுறையில், ஸ்லைடில் பழுப்பே தெரியாதவர்களுக்கும் மருந்து கேட்டது. நன்றாகப் பழுப்பான பலருக்குக் கேட்கவில்லை.

2008 வாக்கில் விடை கிடைத்தது. ஈஜிஎஃப்ஆரை வாசல் காலிங்பெல்லின் பட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள்; மணி அடித்தால் செல் வளரும். மருந்து பட்டனை மூடிவிடுகிறது, யாரும் அமுக்க முடியாது. ஆனால் உள்ளே ஒயர் ஒட்டிக்கொண்டு மணி தானாகவே அடித்துக்கொண்டிருந்தால்? அந்த ஒயர்தான் கேராஸ், என்ராஸ் என்ற புரதங்கள். அவற்றில் மரபணு மாற்றம் இருந்தால் பட்டனை மூடிப் பயனில்லை. பெருங்குடல் புற்றுநோயாளிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இந்த மாற்றம் இருக்கிறது.

ஆகவே ஃபைலில் நீங்கள் தேட வேண்டியது இந்த இரண்டையும் பார்க்கிற ராஸ் ரிப்போர்ட். நோய் பரவிய நிலையில் செட்டுக்சிமாப் அல்லது அதே வகை மருந்தான பானிடுமுமாப் பற்றிப் பேச்சு வந்தால், "ராஸ் பார்த்தாச்சா? பிராஃப் பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். பிராஃப் அதே ஒயரில் அடுத்து வருகிற புரதம். கட்டி எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். இறங்கு குடல், சிக்மாய்டு, மலக்குடல் என்று இடப்பக்கம் இருந்தால் இந்த மருந்துகளுக்குப் பலன் அதிகம். வலப்பக்கத்துக் கட்டிகளில் குறைவு. இந்த மருந்து எடுப்பவர்களுக்கு முகத்திலும் மார்பிலும் பரு மாதிரிக் கொப்புளம் வரும். அலர்ஜி என்று நினைத்து மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். தோலிலும் ஈஜிஎஃப்ஆர் இருக்கிறது. அதையும் மருந்து அடைக்கிறது, அவ்வளவுதான்.

ஹெர்2: மார்பகத்துக்குத்தானே?

மார்பகப் புற்றுநோயில் பிரபலமானது, பெருங்குடலில் அபூர்வம். நோய் பரவியவர்களில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்குத்தான் இருக்கும். ராஸ் மாற்றம் இல்லாதவர்களிடம் கொஞ்சம் அதிகம். அபூர்வமானாலும் பார்ப்பது வீணில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்காவில், ராஸ் மாற்றம் இல்லாத ஹெர்2 பாசிட்டிவ் பெருங்குடல் புற்றுநோய்க்கு டுகாட்டினிப், ட்ராஸ்டுசுமாப் ஜோடிக்கு அனுமதி கிடைத்தது. மற்ற கீமோக்கள் போட்டும் நோய் வளர்ந்தவர்களுக்கானது அது.

ரிப்போர்ட்டில் 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண் இருக்கும். 0, 1+ நெகட்டிவ். 3+ பாசிட்டிவ். 2+ வந்தால் இழுபறி. ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனையில் மரபணு பிரதிகளை எண்ணிப் பார்க்க வேண்டும், அதற்கு அதே பிளாக் வேண்டும். மார்பகத்துக்கு வைத்திருக்கிற அளவுகோலை அப்படியே பெருங்குடலுக்குப் போட முடியாது. மார்பகத்தில் பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் அழுத்தமான வளையம் தெரிந்தால் 3+. பெருங்குடலுக்காக இத்தாலியில் நடந்த ஹெராக்லீஸ் ஆய்வு பாதிச் செல்களையாவது கேட்டது. எந்த அளவுகோல் என்று ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள்.

அதே தாளில் வரும் மற்றவை

எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6, பிஎம்எஸ்2 என்று நான்கு பெயர்கள் இருக்கும். இவை செல்லின் மேலே இருப்பவை இல்லை, உட்கருவுக்குள் டிஎன்ஏவைப் பழுதுபார்ப்பவை. ஆனாலும் இந்தத் தாளிலேயே முக்கியமான வரிகள் இவைதான் என்பேன். இங்கே மட்டும் கணக்குத் தலைகீழ்: பழுப்பு இருந்தால் சாதாரணம், காணாமல் போனால்தான் சேதி. ஒன்று காணாமல் போனாலும் இம்யூனோதெரபிக்கு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) வாய்ப்பு இருக்கிறதா, புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டி, குடும்பத்தில் தொடர்கிற லிஞ்ச் சிண்ட்ரோமா என்ற இரண்டு கேள்விகள் எழும். இரண்டாவது கேள்வி அண்ணன் தம்பிகளையும் பிள்ளைகளையும் சேர்த்தது.

எப்கேம் என்ற மேற்பரப்புப் புரதமும் அந்த லிஞ்ச் கதையில் வருகிறது. அந்த மரபணுவின் வால்பகுதி அறுந்துபோனால் பக்கத்திலிருக்கிற எம்எஸ்ஹெச்2 வாயடைத்துவிடும். இந்த எப்கேமைப் பிடிக்கிற எட்ரிகோலோமாப் என்ற ஆன்டிபாடிக்கு 1995இல் ஜெர்மனியில் அனுமதி கிடைத்தது. பெரிய ஆய்வுகளில் பலன் நிரூபணமாகாமல் பின்வாங்கப்பட்டது. இன்று ரத்தத்தில் அலையும் புற்றுநோய்ச் செல்களைப் பிடிக்கிற கருவியில் எப்கேமைத் தூண்டில் மாதிரிப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் ஃபைலில் அது வர வாய்ப்புக் குறைவு.

இணையத்தில் தேடினால் சிடி44, சிடி133 என்றெல்லாம் வரும். ஆய்வகங்களில் பெரிதாகப் பேசப்படுபவை. சிகிச்சையை முடிவு செய்ய இன்று யாரும் வழக்கமாகப் பார்ப்பதில்லை. பணம் கட்டிப் பார்க்கச் சொன்னால், "இதைப் பார்த்தா மருந்து மாறுமா?" என்று கேளுங்கள். சிஏ 19-9 என்று ரத்தப் பரிசோதனை ஒன்றும் வரும். அது ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி; லூயிஸ் ரத்த வகை இல்லாத சிலருக்கு உடம்பே அதைச் செய்யாது, எவ்வளவு நோய் இருந்தாலும் ஏறாது.

அடுத்த தடவை போகும்போது

மொத்த ஃபைலையும் டாக்டர் மேசையில் கொட்டாதீர்கள். மேலே சிஇஏ தாள். அதன் கீழ் ஆபரேஷன் ரிப்போர்ட்டின் நகல். அதன் கீழ் ஐஹெச்சி, ராஸ் தாள்கள். தாளின் பின்பக்கத்தில் மூன்று வரி: இப்போது போடுகிற எல்லா மாத்திரைகளும், முடி மாத்திரை உட்பட, புகை உண்டா இல்லையா, பிளாக் இப்போது எந்த லேபில் இருக்கிறது, அதன் நம்பர் என்ன. கடைசி வரி பெரும்பாலோரிடம் இருக்காது. ரிப்போர்ட்டின் மேல் மூலையில் ஆண்டோடு சேர்த்து ஒரு எண் அச்சடித்திருக்கும், அதுதான். அதை வைத்துத்தான் நாங்கள் அலமாரியில் தேடுவோம். பெயரை மட்டும் சொன்னால் அரை நாள் போய்விடும்.